விற்க முடியாத நாணயம்

அந்தப் பெண் கதவைத் தட்டவில்லை. நேராக உள்ளே வந்து, மேசை மேல் கிடந்த செய்தித்தாளை இழுத்து, ஓரத்து வெள்ளை இடத்தில் பென்சிலால் எழுதினாள்.

"குருவி பொய். இன்று 6 மணி. நிறுத்து."

சில்லறை எட்டிப் பார்த்தான். "அண்ணி, குருவி பொய் சொல்லுதாம். ஆறு மணிக்குள்ள நிறுத்தணுமாம். பறவை கேஸுக்கெல்லாம் ரேட் என்ன வெக்கலாம்?"

"கொஞ்சம் வாயை மூடு தம்பி. அவங்களுக்குக் காது கேக்காது."

"அப்ப நான் மூடினா என்ன, திறந்தா என்ன?"

டயர் கடை மாடியிலிருந்த அந்தத் துப்பறியும் அலுவலகத்துக்கு வருகிற எல்லோருமே அவளை அண்ணி என்றுதான் அழைப்பார்கள். முதலில் அழைத்தவன் அவள் கணவனின் தம்பி சில்லறை. அவன் கூப்பிட்டுக் கூப்பிட்டு, வாடகை வாங்க வருகிறவர்கூட இப்போது அப்படித்தான் கூப்பிடுகிறார். அவள் இன்ஷூரன்ஸ் கம்பெனியில் பொய் க்ளெய்ம்களைப் பிடித்துப் பிடித்துச் சலித்துப்போய் வேலையை விட்டவள். சில்லறை எந்த வேலையிலும் நிலைக்காமல் அவளிடம் வந்து சேர்ந்தவன். நிமிடத்துக்கு ஒரு தமாஷை உதிர்ப்பதால் அந்தப் பெயர்.

வந்தவள் தையல்காரி. விரல் நுனிகளில் ஊசி குத்திய தழும்புகள், கழுத்தில் கழற்ற மறந்த அளவு நாடா. அவளுக்குத் தெரிந்த எழுத்தெல்லாம் தோள், இடுப்பு, கை என்று அளவு குறிக்க மட்டுமே போதுமானது. அதற்கு மேல் எழுதச் சொன்னபோது பென்சிலைக் கீழே வைத்துவிட்டுத் தன் போனை நீட்டினாள்.

அதில் ஒரு வீடியோ. கறுப்புத் துணியின் முன்னால், கறுப்புக் கையுறை போட்ட இரண்டு கைகள் சைகையில் பேசின. முகம் இல்லை. மணிக்கட்டுகள் மட்டும் வெளிச்சத்தில் தெரிந்தன. கீழே, 'குருவி காயின். நம் மக்களுக்கு மட்டும், ஒரு நாள் முன்னதாக' என்று ஓடியது.

"அழகாத்தான் பேசுது," என்றான் சில்லறை. "என்ன பேசுதுன்னுதான் தெரியல."

அவனே காது கேளாதோர் சங்கத்துக்குப் போன் செய்து, சைகை மொழி தெரிந்த ஒருவரை அனுப்பச் சொன்னான். நல்ல காரியம் செய்வதாகத்தான் நினைத்தான்.

வந்தவனுக்கு நாற்பது வயதிருக்கும். கைகள் எடுப்பாகத் தெரியவேண்டும் என்பதற்காகவே போட்டது போல, கோடோ கட்டமோ இல்லாத கருநீலச் சட்டை.

"எல்லாரும் என்னை வாய்னுதான் கூப்பிடுவாங்க," என்று சிரித்தான். "அப்பா அம்மா ரெண்டு பேருக்குமே காது கேக்காது. எனக்குப் பேச்சு வர்றதுக்கு முன்னாடியே கை வந்துடுச்சு. இங்க இருக்கற கேளாதவங்க அத்தனை பேருக்கும் பேங்க், ஆஸ்பத்திரி, போலீஸ் ஸ்டேஷன் எல்லாம் என் வாய்தான்."

அவனைப் பார்த்ததும் தையல்காரி சட்டென்று எழுந்து நின்றாள். மரியாதை என்று அண்ணி நினைத்துக்கொண்டாள்.

பிறகு அவள் பேசினாள். தோள் குலுங்க, முகமே கையோடு சேர்ந்து பேச, மூச்சு வாங்கும் வரைக்கும் பேசினாள். இடையிடையே இரண்டு விரல்களை உதட்டில் வைத்து வைத்து எடுத்தாள். வாய் அமைதியாகப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"குருவி காயின்னு ஒரு டோக்கன் வரப்போகுது, போன்லயே வாங்கி விக்கற கிரிப்டோ நாணயம்," என்றான் கடைசியில். "மார்க்கெட் ரோட்ல ஒரு மொபைல் கடைக்காரர் அதுக்குப் போலி லிங்க் அனுப்பறாராம். ஆறு மணிக்குள்ள அவரைப் பிடிக்கணுமாம். அவ்வளவுதான்."

"இவ்வளவு நேரம் பேசினதுக்கு அவ்வளவுதானா?" என்றான் சில்லறை.

"சைகையில திரும்பத் திரும்பச் சொல்லுவாங்க சார். பயம் வேற."

தையல்காரியின் கண்ணீர் தாடையில் வந்து நின்றது. அண்ணி ஒரு டம்ளரை எடுத்தாள். "தண்ணி வேணுமான்னு கேளுங்க."

வாயின் கைகள் அசைந்தன. தையல்காரி திரும்பி அண்ணியைப் பார்த்தாள். இரண்டு கைகளையும் நெஞ்சுக்கு நேரே குவித்துக் கும்பிட்டாள். தலையை ஆட்டி ஆட்டிக் கும்பிட்டாள்.

"வேண்டாமாம்," என்றான் வாய்.

அவள் போனை அவனே எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். வீடியோவை அப்புறம் அனுப்பி வைப்பதாகச் சொன்னான். அவளை வீட்டில் விட்டுவிடுவதாகவும் சொன்னான். தையல்காரி வாசலில் ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு அவனோடு போனாள்.

கார் மார்க்கெட் ரோட்டை நோக்கித் திரும்பியபோது அண்ணி, "நிறுத்து," என்றாள்.

"சிக்னல் பச்சை அண்ணி."

"ஓரமா நிறுத்து. நான் என்ன கேட்டேன்?"

"எப்ப?"

"தண்ணி வேணுமான்னு கேட்டேன். வேண்டாம்னா தலையை ஆட்டினா போதும். எதுக்குக் கையெடுத்துக் கும்பிடணும்?"

சில்லறை காரை ஓரம்கட்டினான்.

"அந்த ஆள் என் கேள்வியைக் கேக்கல, தம்பி. வேற என்னமோ சொல்லியிருக்கான். அப்படின்னா அவ சொன்னதையும் நம்மகிட்ட சொல்லல."

அலுவலகத்தில் மேசைக்கு மேலே ஒரு கேமரா உண்டு. பிஸ்கட் டப்பா யாரால் காலியாகிறது என்று கண்டுபிடிக்க அண்ணி மாட்டியது. மாட்டிய அன்றே சில்லறை பிடிபட்டான். இப்போது அதே கேமராவின் பதிவைத் தன் போனில் இறக்கினான். "திருட்டுக்கு வெச்சது ரெண்டாவது தடவையும் உதவுது. முதல் திருடன் சார்பா ஒரு நன்றி சொல்லிக்கறேன்."

"கோர்ட்டுக்கு விடு. அங்க ஒரு அம்மா இருக்காங்க, கேளாதவங்க சாட்சிக்கெல்லாம் அவங்கதான் வருவாங்க."

கோர்ட் கேன்டீனில் அந்த அம்மாள் டீயை ஆற்றிக்கொண்டிருந்தாள். விஷயத்தைக் கேட்டாள். போனை டம்ளரில் சாய்த்து நிறுத்தினாள்.

"ஒண்ணு சொல்லிடறேன். நான் 'நான்'னு சொன்னா அது நான் இல்ல, அந்தப் பொண்ணு. 'நீ'ன்னு சொன்னா, அவ யாரைப் பார்த்துச் சொல்றாளோ அந்த ஆள். அதுதான் எங்க முறை."

வீடியோ ஓடியது. கோர்ட்டம்மா முதலில் ஒருமுறை முழுக்கப் பார்த்தாள். பிறகு எழுத்துக்கூட்டிப் படிப்பது போல, தட்டையான குரலில் ஆரம்பித்தாள்.

"'உன்னையா கூப்பிட்டாங்க? சரி, நல்லதாப் போச்சு. நீயே சொல்லு. வாய், கையுறை போட்டா கை மாறிடுமா? நாளைக்குன்னு சொல்றப்ப மணிக்கட்டை இப்படி உள்ளே மடக்கறது உங்க அம்மா ஒருத்திதான், அவங்க போனப்புறம் நீ ஒருத்தன்தான். எனக்குக் கை பேசக் கத்துக் கொடுத்ததே அவங்க. வாய், நான் வீடியோவைப் பார்த்து உங்க அம்மாதான் எழுந்து வந்துட்டாங்கன்னு நினைச்சேன்.'"

பக்கத்து மேசையில் இரண்டு வக்கீல்கள் எதற்கோ சிரித்தார்கள். கோர்ட்டம்மா திரும்பவில்லை.

"'எனக்குப் பிரசவம் ஆனப்ப சுவர் பக்கம் முகத்தைத் திருப்பிக்கிட்டு, டாக்டர் சொன்னதையெல்லாம் கையால சொன்னவன் நீ. அந்த நன்றிக்காகத்தான் நான் யார்கிட்டயும் சொல்லல. இவங்ககிட்ட நீயே சொல்லிடு. வாய், குருவி பொய்னு சொல்லு. ஆறு மணிக்கு எல்லாரும் பணம் போடப் போறாங்க. நீயே நிறுத்திட்டா யாரும் உன்னை ஒண்ணும் செய்யாம நான் பாத்துக்கறேன். சொல்லு வாய். சொல்றியா?'"

"அந்த உதட்டுல ரெண்டு விரல் வெக்கறது?" என்று கேட்டாள் அண்ணி.

"பேர். வாய்."

"அப்ப அவ நம்மகிட்ட பேசவே இல்ல அண்ணி," என்றான் சில்லறை. "முழுக்க அவன்கிட்டதான் கெஞ்சியிருக்கா. நம்ம முன்னாடியே."

"தண்ணி கேட்ட இடம் வருது, பாருங்க," என்றாள் அண்ணி.

கோர்ட்டம்மா பார்த்தாள். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தாள். "இது அந்த ஆள் சொல்றது. 'இந்தம்மா சொல்றாங்க, உன் புருஷன்தான் எல்லாரையும் இதுல சேர்த்துவிட்டவனாம். முதல்ல அவனைத்தான் போலீஸ்ல பிடிச்சுக் கொடுப்பாங்களாம்.' அதுக்கு அவ உங்களைப் பார்த்துச் சொல்றா. 'அவருக்கு ஒண்ணும் தெரியாது. வேணும்னா என்னைப் பிடிச்சுக்கோங்க.'"

அண்ணி எழுந்து நின்றாள். தன்னைக் கும்பிட்ட கைகளுக்கு முன்னால் டம்ளரை நீட்டிக்கொண்டு நின்றது நினைவுக்கு வந்தது.

"அவனை வரவழைச்சது நான்," என்றான் சில்லறை. "அவன் வண்டியில அவளை ஏத்தி விட்டதும் நாமதான்."

"அழறதுக்கு அப்புறம் நேரம் இருக்கு. வண்டியை எடு. அம்மா, நீங்களும் வரணும். நீங்க இல்லாம எங்களுக்கு வாயே கிடையாது."

கோர்ட்டம்மா குடிக்காத டீக்குக் காசு வைத்துவிட்டு வந்தாள்.

தையல்காரியின் வீடு பூட்டியிருந்தது. காலையில் போனவள் இன்னும் திரும்பவில்லை என்றார் எதிர்வீட்டுக்காரர். அவருக்கு வேறொன்றும் தெரிந்திருந்தது. "வீட்டுக்காரர் மத்தியானம் வந்து ரெண்டு தையல் மெஷினையும் வண்டியில ஏத்திட்டுப் போனாரு. வித்துட்டாரு போல. சங்கத்துக் கூடத்துல இன்னைக்கு மீட்டிங்காம், அங்கதான் இருப்பாரு."

கூடத்துக்குப் போகும் வழியில் ரயில்வே கேட்டில் மாட்டிக்கொண்டார்கள். சரக்கு வண்டி, முடிவே இல்லாமல் போயிற்று. அண்ணி போனில் குருவி காயினை உண்மையாக வெளியிடும் கம்பெனியின் பக்கத்தைத் தேடி எடுத்துப் படித்தாள்.

"அசல் நாளைக்குத்தான் வருது," என்றாள். "இன்னைக்கு எங்கயும் விக்கலன்னு அவங்களே கொட்டை எழுத்துல போட்டிருக்காங்க."

"அப்ப இன்னைக்கு விக்கறது?"

"போலி. குருவின்னு பேரை யார் வேணாலும் வெச்சுக்கலாம், குருவிப் படத்தை யார் வேணாலும் ஒட்டிக்கலாம். ஒவ்வொரு டோக்கனுக்கும் எண்ணும் எழுத்துமா, நீளமா ஒரு அட்ரஸ் இருக்கு, அது மட்டும்தான் இன்னொண்ணுக்கு இருக்காது. ஆனா பேரைப் பார்க்கறவன் அட்ரஸைப் பார்க்கறதில்லை. அந்த மாதிரி போலிங்கள்ல ஒரு சூட்சுமம் வெச்சிருப்பாங்க, தம்பி. வாங்கலாம். விக்க முடியாது. பணம் உள்ளே போகும், வெளியே வராது."

"எலிப்பொறி."

"அதுல மசால்வடையாவது நிஜமா இருக்கும்."

அவள் அப்படியெல்லாம் தமாஷ் பேசமாட்டாள். அவளும் பயந்திருக்கிறாள் என்று சில்லறைக்கு அப்போதுதான் தெரிந்தது. கேட் திறந்ததும் ஹாரன் மேலிருந்து கையை எடுக்காமல் ஓட்டினான்.

சங்கத்தின் கூடம் ஒரு மரக்கடைக்கு மேலே, சிமென்ட் தரையும் தகரக் கூரையுமாக இருந்தது. மாடிப்படி ஏறும்போதே அவர்களுக்குச் சத்தம் கேட்டது.

டம். டம். டம்.

கூடத்துக்குள் நுழைந்தார்கள். நாற்காலிகள் போதாமல் சுவரோரமாக எல்லாம் ஆட்கள் நின்றிருந்தார்கள். ஒவ்வொருவர் கையிலும் போன். மேடையில் வாய். அவன் கைகள் வேகமாகவும் அழகாகவும் பேசிக்கொண்டிருந்தன. அத்தனை கண்களும் அந்தக் கைகள் மேலேயே இருந்தன.

டம். டம். டம்.

மேடைக்குப் பின்னாலிருந்த இரும்புக் கதவு அதிர்ந்துகொண்டிருந்தது. உள்ளே யாரோ கையாலும் காலாலும் அதை அடித்துக்கொண்டிருந்தார்கள். கூடம் முழுக்க ஆட்கள் இருந்தும் ஒருவர்கூடத் திரும்பவில்லை. அந்தச் சத்தம் கேட்கக்கூடியவன் அங்கே ஒருவன்தான் இருந்தான். அவன் சிரித்தபடி பேசிக்கொண்டிருந்தான்.

அதுவரை எதற்கும் ஒரு தமாஷ் வைத்திருந்த சில்லறை நேராக மேடையில் ஏறி வாயைத் தோளால் இடித்துத் தள்ளிக் கதவின் தாழ்ப்பாளை இழுத்தான்.

தையல்காரி வெளியே விழுந்தாள். இரண்டு உள்ளங்கைகளும் வீங்கிச் சிவந்திருந்தன. அந்தக் கைகளால் அவளுக்கு உடனே பேச முடியவில்லை.

கூட்டம் எழுந்தது. முன்வரிசையில் இருந்த ஒருவர் நாற்காலியைத் தள்ளிவிட்டு ஓடிவந்து அவளைத் தூக்கினார். தச்சு வேலைக்காரர். சட்டையெல்லாம் மரத்தூள். அவள் கணவர்.

கோர்ட்டம்மா அவர் கைகளைப் படித்தாள். "'உடம்பு சரியில்லன்னு இப்பதான் வீட்ல விட்டுட்டு வந்தேன்னு சொன்னான்.' அவர் சொல்றார்."

வாய் கைகளை உயர்த்தி ஏதோ சொல்லத் தொடங்கினான். "பொய்," என்றாள் கோர்ட்டம்மா. "அவளுக்குப் புத்தி பேதலிச்சுடுச்சாம், அவ நல்லதுக்குத்தான் பூட்டினானாம். நீங்க ரெண்டு பேரும் பணத்தைப் பிடுங்க வந்தவங்களாம்."

கூட்டத்தில் பலர் தலையாட்டினார்கள். வாய் அவர்களுடைய வாய். இந்த மூன்று பேரும் யாரோ. சில்லறையின் சட்டையை ஒருவர் பிடித்துவிட்டார்.

"அவங்களுக்கு நான் சொல்றதை அப்படியே சொல்லுங்கம்மா," என்றாள் அண்ணி. "யாரும் என்னை நம்ப வேணாம். ஏற்கனவே குருவி வாங்கினவங்க யாராவது இருந்தா, அதுல ஒரே ஒரு டோக்கனை இப்ப வித்துப் பார்க்கட்டும். ஒண்ணே ஒண்ணு. வித்துட்டா நாங்க மன்னிப்பு கேட்டுட்டுப் போயிடறோம்."

கோர்ட்டம்மாவின் கைகள் பேசின.

தச்சர்தான் முதலில் போனை எடுத்தார். விற்கும் இடத்தில் விரலை வைத்தார். காத்திருந்தார். மறுபடி வைத்தார். புருவம் சுருங்கியது. அவர் பக்கத்தில் இருந்தவர் தன் போனை எடுத்தார். பிறகு அடுத்தவர். கொஞ்ச நேரத்தில் கூடமே தலைகுனிந்து ஒரு விரலால் கண்ணாடியைத் தட்டிக்கொண்டிருந்தது. வாங்காதவர்கள் வாங்கியவர்களின் தோள் மேல் எட்டிப் பார்த்தார்கள். அந்தக் கூட்டத்திலிருந்து எழுந்த முதல் சத்தம், கடைசி வரிசையில் ஒரு வயதான மனிதரின் தொண்டையிலிருந்து வந்தது. அது அழுகையா கோபமா என்று சொல்ல முடியவில்லை.

சில்லறையின் சட்டையைப் பிடித்திருந்த கை விலகியது.

வாய் மேடையின் விளிம்பில் உட்கார்ந்துவிட்டான். அண்ணி அவன் எதிரே போய் நின்றாள்.

"எவ்வளவு கமிஷன்?"

அவன் தையல்காரியைப் பார்த்துக் கையால்தான் சொன்னான். இத்தனை நாளும் அடுத்தவர்களுக்காகப் பேசியவன் சொன்னதை, கோர்ட்டம்மா அவனுக்காகப் பேசினாள்.

"'கமிஷன் இல்ல. நான்தான் முதல்ல வாங்கினேன். வீட்டை வித்து வாங்கினேன். அசல்னு நம்பித்தான் வாங்கினேன். அப்புறம் வித்துப் பார்த்தா முடியல. வித்த ஆளைக் கேட்டேன். இன்னும் நிறைய பேரைச் சேர்த்துவிடு, உன்னோடதை மட்டும் விக்கத் திறந்துவிடறேன்னான். அவன் முகம்கூட எனக்குத் தெரியாது. சேர்க்கச் சேர்க்க இன்னும் சேர்க்கச் சொன்னான். இன்னைக்கு ஆறு மணிதான் கடைசின்னான்.'"

"இன்னைக்கும் அவன் திறந்துவிட்டிருக்க மாட்டான்," என்றாள் அண்ணி.

அது வாயின் காதில் விழுந்தது. "தெரியும்," என்றான், குரலில். "வேற என்ன செய்யறதுன்னு தெரியல."

அவன் மறுபடி கைகளைத் தூக்கிக் கூட்டத்தைப் பார்த்து ஏதோ சொல்ல ஆரம்பித்தான். முன்வரிசையில் ஒருவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். பிறகு அந்த வரிசையே திரும்பியது. அதற்குப் பின்னால் இருந்தவர்களும். பார்க்காவிட்டால் அவன் பேச்சு அங்கே யாருக்கும் கிடையாது. அத்தனை முதுகுகளுக்கு எதிரே அவன் கைகள் கொஞ்ச நேரம் பேசிவிட்டு மடியில் விழுந்தன.

சில்லறை போலீசுக்குப் போன் செய்துவிட்டு வந்தான். "வர்றாங்க அண்ணி. எல்லார்கிட்டயும் வாக்குமூலம் வாங்கணுமாம். சைகை தெரிஞ்சவங்க எத்தனை பேர் இருக்காங்கன்னு கேக்கறாங்க."

"என்ன சொன்னே?"

"ரெண்டு பேருன்னேன். அப்புறம் ஒருத்தர்தான்னேன்."

அவன் அதைத் தமாஷாகச் சொல்லவில்லை.

அன்று ஆறு மணிக்குப் பணம் போட இருந்தவர்கள் போடவில்லை. ஏற்கனவே போட்டவர்களின் பணம் எங்கே போனது என்று அண்ணியால் சொல்ல முடியவில்லை. வாயின் போனிலிருந்த நீண்ட அட்ரஸின் மறுமுனையில் ஒரு பெயர்கூட இல்லை. தேடலாம், தேடுவோம், திரும்ப வரும் என்று சத்தியம் செய்ய மாட்டேன் என்று அவள் கோர்ட்டம்மா மூலமாக எல்லோருக்கும் சொன்னாள். அவர்கள் அதை நின்று கேட்டுக்கொண்டார்கள்.

படிக்கட்டின் மேல் படியில் தையல்காரியும் தச்சரும் உட்கார்ந்திருந்தார்கள். அவர் கைகள் கொஞ்சமாக, தயங்கித் தயங்கிப் பேசின. அவள் வீங்கிய கைகளை மடியில் வைத்துக்கொண்டு பார்த்திருந்தாள்.

"என்ன சொல்றார்?" என்று அண்ணி மெதுவாகக் கேட்டாள். மெதுவாகக் கேட்க வேண்டிய அவசியம் இல்லைதான்.

"மெஷின் வித்த பணத்தை மத்தியானமே போட்டுட்டாராம். ஆறு மணி வரைக்கும் காத்திருக்கல. ரெண்டு மெஷினும் போச்சுங்கறார்."

தையல்காரி வலியோடு ஒரு கையை எடுத்தாள். இரண்டு விரல்களைப் பிரித்துச் சேர்த்து, பிரித்துச் சேர்த்துக் காட்டினாள்.

அதற்குச் சில்லறைக்கே மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை. "கத்தரிக்கோல்."

"கத்தரிக்கோலாவது இருக்கான்னு கேக்கறா," என்றாள் கோர்ட்டம்மா.

தச்சர் தலையாட்டினார்.

தையல்காரி எழுந்தாள். கணவர் கை கொடுக்க வந்தார். அதை வாங்கிக்கொள்ளாமல், கைப்பிடிச் சுவரில் முழங்கையை ஊன்றி, ஒவ்வொரு படியாக இறங்கிப் போனாள். அவர் கொஞ்சம் தள்ளியே பின்னால் போனார்.